ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் விடுதலைக் குல்லாய்: பிரெஞ்சுப் புரட்சியின் செம்புக் காசுகள்

கேள்வி இதுதான்: 1792 என்று ஆண்டு போட்ட பிரெஞ்சுச் செம்புக் காசில் ஒரு பக்கம் பதினாறாம் லூயியின் முகம், மறுபக்கம் கழிக்கட்டும் குல்லாயும். புரட்சிக்காரர்கள் ராஜாவுக்கு எதிரிகள்தானே, இரண்டும் எப்படி ஒரே காசில் வந்தன, அந்தச் சின்னங்களுக்கு என்ன பொருள்?

நேரடிப் பதில்: 1789-லிருந்து 1792 ஆகஸ்ட் வரை பிரான்ஸ் குடியரசு இல்லை. ராஜா இருந்தார், ஆனால் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராஜாவாக இருக்க வேண்டும் என்று தேசிய சபை முடிவு செய்திருந்தது. அந்த ஏற்பாட்டைத்தான் காசு அப்படியே காட்டுகிறது. ஆனால் இதோடு விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் 1791-க்கும் 1800-க்கும் நடுவே வந்த செம்புக் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் பத்து வருட அரசியலில் யார் கை ஓங்கியது, யார் கை இறங்கியது என்பதெல்லாம் அதிலேயே தெரியும்.

முதலில் பழைய காசு எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். லீவ்ர், சொல், தெனியே என்பவை அன்றைய பண அலகுகளின் பெயர்கள்: ஒரு லீவ்ருக்கு 20 சொல், ஒரு சொல்லுக்கு 12 தெனியே. இதுதான் பழைய கணக்கு. புரட்சிக்கு முந்தைய செம்பு சொல்லில் ராஜாவின் பக்கவாட்டு முகம், அதைச் சுற்றி லத்தீனில் 'கடவுள் அருளால் பதினாறாம் லூயி'. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயத்தில் மூன்று லில்லிப் பூ, சுற்றிலும் 'பிரான்சுக்கும் நவாருக்கும் அரசர்'. காசைக் கையில் வைத்திருக்கும் ரொட்டிக்காரருக்கோ துணி துவைப்பவருக்கோ லத்தீன் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதிகாரம் கடவுளிடமிருந்து ராஜாவுக்கு வந்தது, நடுவில் மக்கள் யாரும் கிடையாது, அவ்வளவுதான் செய்தி.

1791-ல் வந்த புதுக் காசில் மாறியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். லத்தீன் போய் பிரெஞ்சு வந்தது. 'கடவுள் அருளால்' காணாமல் போனது. 'பிரான்சின் அரசர்' என்பது 'பிரெஞ்சு மக்களின் அரசர்' என்று ஆனது. இந்தப் பட்டத்தை 1789 அக்டோபரிலேயே சபை தீர்மானித்திருந்தது. ஒரு நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவரை ஒரு மக்கள் கூட்டத்தின் தலைவராக மாற்றிய பட்டம் அது. சொந்தக்காரரை யாரும் நீக்க முடியாது, ஆனால் தலைவரை நீக்கலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. பின்பக்கத்தில் 'லா நாசியோன், லா லுவா, லெ ருவா', அதாவது தேசம், சட்டம், அரசர். இந்த வரிசைதான் முழு அரசியலும் என்பேன். ராஜா மூன்றாவதாக வருகிறார், அவருக்கு மேலே சட்டம், சட்டத்துக்கும் மேலே தேசம். நூறு பக்க அரசியல் சட்டத்தைப் படிக்காதவரும் சந்தையில் சில்லறை வாங்கும்போது கையில் வாங்கிய பாடம் இது.

அந்த வாசகத்துக்கு நடுவில் இருப்பதுதான் நீங்கள் கேட்ட சின்னம். ஒன்றாகக் கட்டிய கழிகள், அதன் உச்சியில் ஒரு குல்லாய், இரண்டு பக்கமும் ஓக் மரக் கிளைகள். கழிக்கட்டு ரோமிலிருந்து வந்தது. அங்கே உயர் அதிகாரிகளுக்கு முன்னால் காவலர்கள் தூக்கிப் போன அதிகாரச் சின்னம். புரட்சிக்காரர்கள் அதற்கு ஒற்றுமை என்ற பொருளைத் தூக்கலாக வைத்தார்கள், ஒவ்வொரு கழியும் ஒரு மாவட்டமாகவோ ஒரு குடிமகனாகவோ. குல்லாயும் ரோமிலிருந்துதான். விடுதலை பெற்ற அடிமை தலையில் வைத்துக்கொண்ட பிலேயுஸ் என்ற குல்லாய் அது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் அடித்த வெள்ளிக் காசில் இரண்டு கத்திகளுக்கு நடுவே அதே குல்லாய் இருக்கும். முன்பக்கமாக வளைந்து விழும் ஃபிரிஜிய குல்லாய் என்பது வேறொன்று, ஆனால் 18-ம் நூற்றாண்டில் இரண்டையும் கலந்துவிட்டார்கள், அந்தக் கலவைதான் இன்றுவரை பிரெஞ்சுக் குடியரசின் அடையாளம்.

1792 ஜூன் 20-ம் தேதி பாரிஸ் கூட்டம் ட்யூலரி அரண்மனைக்குள் புகுந்து லூயியின் தலையில் சிவப்புக் குல்லாயை வைக்கச் செய்தது, அது பெரிய அவமானமாகப் பேசப்பட்டது. காசில் அந்தக் குல்லாயும் ராஜாவும் அதற்கு முந்தைய வருடமே முதுகோடு முதுகாக ஒட்டியாகிவிட்டது.

இந்தக் காசுகளை வடித்தவர் ஒகுஸ்தன் துப்ரே. 1748-ல் சேந்த் எத்தியேனில் பிறந்தவர், துப்பாக்கிகளில் அலங்கார வேலை செதுக்கித் தொழில் கற்றவர். அமெரிக்க விடுதலையைக் கொண்டாட பெஞ்சமின் ஃபிராங்க்ளின் யோசனையில் 1783-ல் வந்த 'லிபர்த்தாஸ் அமெரிக்கானா' பதக்கம் இவர் கைவேலை. காற்றில் பறக்கும் முடியோடு ஒரு பெண், பின்னால் ஒரு கழியில் குல்லாய். 1791 ஜூலையில் போட்டியில் வென்று தலைமைச் செதுக்குநர் பதவிக்கு வந்தார். புரட்சி முடியும்வரை கிட்டத்தட்ட எல்லா முக்கிய வடிவமும் இவருடையதே. தாவீத் போன்ற ஓவியர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் துப்ரேயை மறந்துவிடுகிறார்கள், எனக்கு இது நியாயமாகப் படவில்லை. தாவீதின் ஓவியத்தைப் பார்த்தவர்களைவிடத் துப்ரேயின் குல்லாயைத் தொட்டவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம்.

சரி, ஏன் செம்பு? தங்கக் காசிலும் வெள்ளிக் காசிலும்கூடச் சின்னங்கள் மாறினவே? மாறின, ஆனால் அவற்றை மக்கள் பார்க்கவில்லை. 1789 நவம்பரில் சபை திருச்சபைச் சொத்துகளை தேசத்துக்கு எடுத்துக்கொண்டது, அந்த நிலங்களை ஈடாகக் காட்டி டிசம்பரில் அசிஞா என்ற பத்திரத்தை வெளியிட்டது. 1790-ல் அதுவே பணமாக ஆனது. பத்திரம் கூடக் கூட, கையில் தங்கமோ வெள்ளியோ வைத்திருந்தவர்கள் அதைப் பதுக்கினார்கள், வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். முதலில் வந்த பத்திரங்கள் இருநூறு, முந்நூறு, ஆயிரம் லீவ்ர் என்று பெரிய மதிப்பில் இருந்தன. அன்றாடக் கூலியை சொல் கணக்கில் வாங்குகிறவர் அதை வைத்து என்ன செய்வார்? ஒரு ரொட்டிக்கு மீதி கொடுக்கச் சில்லறையே இல்லை. ஆக, உழைப்பவர்களின் கையில் உண்மையாகவே புரண்ட உலோகம் செம்பு மட்டும்தான்.

இந்தச் சில்லறைப் பஞ்சத்தில்தான் தனியார் காசு வந்தது, இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மொன்னெரோன் சகோதரர்கள் என்ற வணிகக் குடும்பம் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் சோஹோவில் மேத்யூ போல்டன் வைத்திருந்த நீராவி அச்சுப் பட்டறையில் செம்புக் காசு அடிக்க ஏற்பாடு செய்தது. 1791-லும் 1792-லும் 2 சொல், 5 சொல் மதிப்பில் அவை பிரான்சுக்கு வந்து இறங்கின. இந்தக் குடும்பத்துக்கும் புதுச்சேரிக்கும் தொடர்பு உண்டு: சகோதரர்களில் லூயி மொன்னெரோன் இந்தியாவில் வணிகம் செய்தவர், தேசிய சபையில் இந்தியாவின் பிரெஞ்சுக் குடியிருப்புகளுக்குப் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். அதே காலத்தில் புதுச்சேரியில் புழங்கிய செம்புக் காசில் ஒரு பக்கம் ராஜாவின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்ற எழுத்து இருந்தது.

மொன்னெரோன் 5 சொல் காசு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம், கையில் வைத்தால் பதக்கம் போலக் கனக்கும். முன்பக்கத்தில் துப்ரே வடித்த காட்சி: 1790 ஜூலை 14 அன்று பாரிசில் ஷான் த மார்ஸ் திடலில் நடந்த கூட்டமைப்பு விழா, வீரர்கள் கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள், 'சுதந்திரமாக வாழ்வோம் அல்லது சாவோம்' என்ற வாசகம். மறுபக்கம் முழுக்க எழுத்து: இது நம்பிக்கைப் பதக்கம், 50 லீவ்ரும் அதற்கு மேலும் உள்ள அசிஞாவாக மாற்றித் தரப்படும். இந்த நிபந்தனையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லீவ்ர் என்றால் 1000 சொல், அதாவது 200 காசு. ஐந்து கிலோவுக்கு மேல் செம்பைச் சுமந்துகொண்டு போனால்தான் ஒரு காகிதம் கிடைக்கும், அந்தக் காகிதமோ மாதத்துக்கு மாதம் மதிப்பு இறங்குகிறது. யாரும் மாற்றப் போகவில்லை, காசாகவே வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த வேறொரு வகையில் ஹெர்குலிஸ் கழிக்கட்டை முறிக்கப் பார்த்து முடியாமல் நிற்கிறார், 'ஒன்றுபட்ட பிரெஞ்சு மக்களை வெல்ல முடியாது' என்ற வாசகத்தோடு. 1792-ல் அரசு தனியார் காசுகளைத் தடை செய்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தேசமே இறையாண்மை உடையது என்று காசில் எழுதிவிட்டு, காசு அடிக்கும் உரிமையை ஒரு வணிகக் குடும்பத்திடம் விட்டுவைக்க முடியாது.

அரசு தன் பங்குக்கு உலோகத்தை எங்கே தேடியது? கோவில் மணிகளில். திருச்சபைச் சொத்து தேசத்துடையது என்று ஆனபின் மூடப்பட்ட மடங்களின் மணிகளும் தேசத்துடையவை ஆயின. மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் இருக்கும், நாதம் நன்றாக இருக்கும், ஆனால் அச்சில் வைத்து அடித்தால் விரிசல் விடும். வெள்ளீயத்தைப் பிரித்தெடுக்க ஃபூர்க்ருவா போன்ற வேதியியலாளர்கள் முயன்றார்கள். கடைசியில் 1791 ஆகஸ்டில் வந்த சட்டத்தின்படி மணி வெண்கலத்தோடு தூய செம்பைக் கலந்து அடித்தார்கள். அதனால்தான் இந்தக் காலத்து 12 தெனியே, 2 சொல் காசுகள் சில செக்கச் செவேலென்றும் சில மஞ்சள் பாய்ந்தும் இருக்கும், ஒரே அச்சில் வந்ததே ஒன்றுக்கொன்று நிறம் மாறும், விளிம்பில் வெடிப்பும் இருக்கும். அதைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: நிறம் மங்கியிருக்கிறது என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அந்தக் கருமையும் பச்சையும் போனால் காசின் மதிப்பும் போகும், மணி வெண்கலமா தூய செம்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதும் கடினமாகிவிடும்.

ஊர் மக்களுக்கு இதில் இருந்த வலியையும் சொல்லாமல் இருக்க முடியாது. திருமணத்துக்கும் சாவுக்கும் அடித்த மணி அது. 1793 ஜூலையில் ஒரு பங்குத் தேவாலயத்துக்கு ஒரு மணியை மட்டும் விட்டுவைத்து மீதியை எடுக்க ஆணை வந்தது, அப்போது தேவைப்பட்டது பீரங்கி. புரட்சி மேல் பல கிராமங்களுக்கு வந்த கசப்பில் மணிகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது ஆண்டுக் கணக்கு. உங்கள் காசில் 1792 என்பதோடு 'சுதந்திரத்தின் 4-ம் ஆண்டு' என்றும் இருக்க வேண்டும், பாருங்கள். 1789-ஐ முதல் ஆண்டாக வைத்த எண்ணிக்கை அது. 1791 காசில் 3, 1792-ல் 4, 1793-ல் 5. ராஜாவின் முகம் போட்டு 1793, 5-ம் ஆண்டு என்று அடித்த காசுகளும் உண்டு, லூயி கில்லட்டினில் இறந்ததோ 1793 ஜனவரி 21. ஆக, அந்த ஆண்டு போட்ட காசுகளில் பெரும்பாலானவை அவர் இறந்த பிறகு அடிக்கப்பட்டவையாகவே இருக்கும். புது அச்சுக்கான வடிவம் முடிவாகவில்லை, சில்லறை இல்லாமல் சந்தை நிற்கிறது, நாணயச்சாலைகளில் பழைய அச்சு இருக்கிறது. வேறு வழி இல்லை.

அதே 1793-ல் வந்த குடியரசுக் காசிலோ 'ஆண்டு 2' என்று இருக்கும். குடியரசு 1792 செப்டம்பரில் பிறந்ததால் அதை 1 என்று எடுத்துக்கொண்டு, 1793 ஜனவரி முதல் தேதியில் 2-ம் ஆண்டு தொடங்கியதாக முதலில் வைத்தார்கள். அப்புறம் 1793 அக்டோபரில் புது நாட்காட்டி வந்து, 2-ம் ஆண்டு தொடங்கியது செப்டம்பர் 22-ல்தான் என்று மாற்றினார்கள். ஒரே வருடத்துக்கு மூன்று கணக்கு. புதிதாகச் சேகரிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள், 5-ம் ஆண்டுக்குப் பிறகு 2-ம் ஆண்டு எப்படி வரும் என்று.

அந்தக் குடியரசுக் காசைத் 'தராசுக் காசு' என்பார்கள், 1793 ஏப்ரலில் முடிவான வடிவம். எனக்குப் புரட்சிக் காசுகளிலேயே இதுதான் முக்கியமானது. ராஜாவின் முகம் இருந்த இடத்தில் வேறு யாருடைய முகமும் இல்லை. நடுவில் ஒரு கற்பலகை, அதில் 'மனிதர்கள் சட்டத்தின் முன் சமம்' என்ற வாக்கியம். மேலே கதிர் வீசும் ஒரு கண், ஒரு பக்கம் கோதுமைக் கதிர், மறுபக்கம் திராட்சைக் குலை, சுற்றிலும் 'பிரெஞ்சுக் குடியரசு'. பின்பக்கம் தராசு, குல்லாய், இலை வளையம், 'சுதந்திரம், சமத்துவம்'. 'சகோதரத்துவம்' இதில் கிடையாது. அந்த மூன்று வார்த்தைத் தொடர் நாட்டின் அதிகாரபூர்வ வாசகமாக ஆனது 1848-ல்தான்.

மோசேயின் பத்துக் கட்டளைப் பலகையைத் தேவாலயத்தில் பார்த்துப் பழகிய மக்களுக்கு, அதே வடிவத்தில் மனிதர்கள் எழுதிய சட்டத்தைக் கொடுத்தார்கள். கண் முன்பு கடவுளின் கண்ணாக முக்கோணத்துக்குள் இருந்தது, இங்கே அது விழிப்போடு இருக்கும் மக்களின் கண் அல்லது பகுத்தறிவின் கண். கதிரும் திராட்சையும் ரொட்டியும் திராட்சை ரசமும். நாட்டின் விளைச்சல் என்று மேலோட்டமாகப் பொருள் சொல்லலாம், ஆனால் திருப்பலியில் வைக்கும் இரண்டு பொருளும் அவைதானே? இது என் வாசிப்பு. பழைய பக்தியை அழிக்காமல் அதன் வடிவங்களைத் தேசத்தின் பக்கம் திருப்பும் வேலை இந்தக் காசில் நடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. கோவில் மணியை உருக்கிய உலோகத்தில் இந்த வடிவங்களைப் பதித்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இன்னொன்று: காசு முடிவானபோது குடியரசுக்கு அரசியல் சட்டமே இல்லை. அந்த வாக்கியத்தை ஒட்டிய வரி ஜூனில் வந்த 1793 அரசியல் சட்டத்தின் உரிமைப் பிரகடனத்தில் இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. காசு மட்டும் புழங்கியது.

இதே வருடத்தில் ரைன் கரையில் மைன்ஸ் நகரத்துக்குள் பிரெஞ்சுப் படை முற்றுகையில் மாட்டிக்கொண்டது. ஜூலையில் சரணடையும்வரை உள்ளே 1, 2, 5 சொல் காசுகளை அங்கேயே அடித்துக்கொண்டார்கள். சோறும் மருந்தும் தீர்ந்துகொண்டிருந்த இடத்தில் அடித்த காசிலும் கழிக்கட்டையும் குல்லாயையும் விடவில்லை.

புரட்சியின் தீவிரத் தலைவரான ரோபெஸ்பியர் விழுந்தபின் காசின் பேச்சு குறைந்துவிட்டது. 1795-ல் பத்தின் மடங்குக் கணக்கு வந்தது, லீவ்ர் போய் ஃபிராங்க், சொல் போய் சாந்தீம், தெசீம் (பத்து சாந்தீம் ஒரு தெசீம்). துப்ரே ஒரு பெண் முகத்தைக் குல்லாயோடு வடித்தார், பக்கவாட்டில், நிதானமாக, அழகாக. சுற்றிலும் 'பிரெஞ்சுக் குடியரசு', மறுபக்கம் மதிப்பும் ஆண்டும். பலகை இல்லை, கண் இல்லை, தராசு இல்லை, சமத்துவம் என்ற சொல்லும் இல்லை. சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் வாக்குரிமை என்ற திரெக்துவார் (ஐவர் குழு) ஆட்சிக்கு இந்த அமைதி பொருத்தமாகவே இருந்தது. கலையாகப் பார்த்தால் இந்தப் பெண் முகம் தராசுக் காசைவிட உயர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1793 காசு எதையோ சொல்லியே தீர வேண்டும் என்று துடிக்கிறது, அந்தத் துடிப்பு இதில் இல்லை.

முதலில் அடித்தவை ஒரு சாந்தீமுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் ரொம்ப லேசாக இருந்தன. 2 தெசீம் 20 கிராம். காகிதப் பணத்தில் கைசுட்ட மக்கள் லேசான செம்பை நம்பத் தயாராக இல்லை. அசிஞா அச்சடிக்கும் தகடுகளையே 1796 பிப்ரவரியில் வாந்தோம் சதுக்கத்தில் எல்லார் முன்னாலும் எரித்துக்காட்ட வேண்டியிருந்தது என்றால் நம்பிக்கை எந்த அளவில் இருந்திருக்கும்! அந்த வருடமே எடையை இரட்டிப்பாக்கினார்கள். ஏற்கெனவே வெளியில் இருந்த 20 கிராம் காசை என்ன செய்வது? '2 தெசீம்' என்பதில் 2-ஐ அழித்து அங்கே 'ஒன்று' என்று மறுபடி அடித்தார்கள், பன்மை எழுத்தைத் தட்டி மழுங்கடித்தார்கள். இப்படித் திருத்திய காசுகள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன, பெரிய விலையும் இல்லை. புரட்சிக் காசு ஒன்றே ஒன்று வாங்க வேண்டும் என்று கேட்டால் தராசுக் காசுக்கு அடுத்தபடி இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வாங்கும்போது, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தையும் கவனியுங்கள். ஏ என்றால் பாரிஸ், டபிள்யூ லில், பிபி ஸ்ட்ராஸ்பூர், டி லியோன். குடியரசு என்ற சொல்லுக்கு அடுத்து வரும் 'பிரெஞ்சு' என்பதன் எழுத்துக்கூட்டலும் 1793 காசில் பழைய முறையில் ஓ-வோடு இருக்கும், தெசீம் காசில் புது முறையில் ஏ-யோடு.

நெப்போலியன் 1803-ல் துப்ரேயைப் பதவியிலிருந்து இறக்கினார், தங்கத்திலும் வெள்ளியிலும் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார். செம்பில் அதிகம் கை வைக்கவில்லை. அதற்குப் பின் திரும்பி வந்த பூர்போன் ராஜாக்களும், லூயி பிலிப்பும் பழைய செம்பை முழுமையாகத் திரும்ப எடுக்கவில்லை. 1852 மே மாதம் வந்த சட்டம்தான் புதிய வெண்கலக் காசுகளைக் கொண்டுவந்து பழையவற்றைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்தது, அந்த வேலை முடிய மேலும் சில வருடங்கள் ஆயின. அதுவரை அறுபது வருடம், கொல்லப்பட்ட ராஜாவின் தம்பிகளான பதினெட்டாம் லூயியும் பத்தாம் ஷார்லும் ஆண்ட காலத்திலும், 'மனிதர்கள் சட்டத்தின் முன் சமம்' என்ற காசும் 'தேசம், சட்டம், அரசர்' என்ற காசும் அவர்களுடைய குடிமக்களின் கையில் ரொட்டிக்கும் காய்கறிக்கும் மாறிக்கொண்டே இருந்தன.